ரவுட்டரா, போனா? வீட்டு வைஃபையில் அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது யார்

வீட்டுக்கு 200 மெகாபிட் ஃபைபர் இணைப்பு வந்திருக்கிறது. ரவுட்டர் டூயல் பேண்ட். கையிலிருக்கும் போனும் இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும். ஆனாலும் ஸ்பீடு டெஸ்ட் 40-ஐத் தாண்டுவதில்லை. பார்த்தால், போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் ஆளில்லாமல் கிடக்கிறது. சாதனங்களை வேகமான அலைவரிசைக்குக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி, டூயல் பேண்ட் ரவுட்டர்கள் வீடுகளுக்குள் வந்த காலத்திலிருந்தே கேட்கப்படுகிறது. பதில்களுக்கும் குறைவில்லை. இரண்டு பெயர் வை என்பார் ஒருவர். ஒரே பெயர் போதும் என்பார் இன்னொருவர். ‘ஸ்மார்ட் கனெக்ட்’ வசதியைப் போடு என்பார் மூன்றாமவர். முதலில் அதை அணை என்பார் நான்காமவர். அவரவர் வீட்டில் அவரவர் பதில் வேலை செய்திருக்கிறது என்பதுதான் சிக்கல். எந்தப் பதில் எந்த அனுமானத்திலிருந்து பிறந்தது, எங்கே வந்து முறிகிறது என்று பிரித்துப் பார்த்தால் இந்த முரண்பாடு ஓரளவு விளங்கும்.

இரண்டு அலைவரிசைகள், இரண்டு குணங்கள்

1985-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாத ரேடியோத் தொடர்புக்குத் திறந்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸும் 5.8-ஐ ஒட்டிய ஒரு பகுதியும் அவற்றில் அடக்கம். 1997-ல் 802.11 தரநிலை வந்தது. 1999-ல் அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன: 2.4-ல் 11 மெகாபிட் தரும் 802.11பி, 5-ல் 54 மெகாபிட் தரும் 802.11ஏ. சந்தையில் ஜெயித்தது வேகம் குறைந்ததுதான். விலை மலிவு, எட்டும் தூரமும் அதிகம். 2009-ன் 802.11என், 2013-ன் 802.11ஏசி ஆகியவற்றுக்குப் பிறகே 5 கிகாஹெர்ட்ஸ் சாதாரண வீடுகளுக்குள் பரவியது. இந்தியாவில் 2005-ல் 2.4-க்கு உரிமத்திலிருந்து விலக்கு கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கட்டடங்களுக்கு உள்ளே மட்டும். 2018 அக்டோபரில்தான் 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு வழி தாராளமாகத் திறந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் 1, 6, 11 என மூன்று சேனல்கள்தான் அதில் அடங்கும். அந்த இடுக்கில்தான் புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும், அடுக்குமாடியில் சுற்றியுள்ள அத்தனை வீட்டு ரவுட்டர்களும் நெருக்கியடிக்கின்றன. 5-ல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்களே சாதாரணம். இரண்டு ஆண்டெனா கொண்ட போன் ஒன்றுக்கு 2.4-ல், 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில், 802.11என் தரும் உச்ச இணைப்பு வேகம் 144 மெகாபிட். அதே போனுக்கு 5-ல் 802.11ஏசி தருவது 866. நடைமுறையில் இதில் பாதிக்குச் சற்று மேலே கிடைத்தாலே நல்ல நிலை என்றாலும், விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

இதற்கு ஈடாகத் தூரத்தை இழக்கவேண்டியிருக்கிறது. ஒரே வகை ஆண்டெனா, ஒரே திறன், ஒரே தூரம் என்று வைத்துக்கொண்டால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4-ஐவிட 6 முதல் 7 டெசிபெல் குறைவாகவே வந்துசேரும். அதாவது கால்வாசித் திறன். இது வெட்டவெளிக் கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், டைல்ஸ் பதித்த குளியலறை என்று குறுக்கே வரவர வித்தியாசம் இன்னும் கூடும். ஆகவே ‘வேகமான அலைவரிசை’ என்பது ரவுட்டர் இருக்கும் அறைக்கும் அதற்கு அடுத்த அறைக்கும் பொருந்தும் பேச்சு. மூன்றாவது சுவருக்கு அப்பால் அது தலைகீழாகக்கூடும்.

முடிவு சாதனத்தின் கையில்

முதல் நிலைப்பாடு தரநிலைக்கு உள்ளேயே இருக்கிறது. ரவுட்டர் தன் இருப்பை 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டிருக்கும். எதில் சேர்வது, எப்போது மாறுவது என்பதைச் சாதனம்தான் தீர்மானிக்கும். இதில் நியாயம் உண்டு. போன் இருக்கும் இடத்தில் எது எப்படிக் கேட்கிறது என்பது போனுக்குத்தான் தெரியும், ரவுட்டருக்குத் தெரியாது. இந்தக் கட்சியில் ஆப்பிள் வெளிப்படையாகவே நிற்கிறது. எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வையுங்கள், மீதியைச் சாதனம் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் பரிந்துரை. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 68 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) அல்லது அதைவிட நன்றாக இருக்கும்வரை மேக் கணினிகள் 5-ஐயே தேர்ந்தெடுக்கும் என்றும் அந்நிறுவனம் எழுதிவைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டும் நெட்வொர்க்குகளுக்கு மதிப்பெண் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறது. முன்பு 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனஸ் மதிப்பெண் தந்தது. பிந்தைய பதிப்புகளில் கிடைக்கக்கூடிய வேகத்தைக் கணித்து மதிப்பிடுகிறது.

இப்படிச் சாதனங்களுக்கே 5-ன் மேல் விருப்பம் இருக்கும்போது கோளாறு எங்கே? தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருப்பதைவிட, தேர்ந்தெடுக்கும் நேரத்தில்தான் அது அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது. மாலையில் வீடு திரும்புபவரின் போனை எடுத்துக்கொள்வோம். தெருமுனையிலோ வாசல் கேட்டிலோ முதலில் காதில் விழுவது 2.4-தான். அது தூரம் போவது மட்டுமே காரணமல்ல. பல ரவுட்டர்கள் பழைய 802.11பி சாதனங்களை மனதில் வைத்து, 2.4-ல் அறிவிப்புகளை இன்னமும் 1 மெகாபிட் வேகத்தில் அனுப்புகின்றன. எவ்வளவு மெதுவாக அனுப்புகிறோமோ அவ்வளவு தூரம் தெளிவாகக் கேட்கும். போன் கேட்டிலேயே 2.4-ல் சேர்ந்துவிடுகிறது. ஹாலுக்குள் வந்ததும் அதே 2.4 மைனஸ் 45 அளவுக்கு அருமையாகக் கேட்கிறது. நன்றாகக் கேட்கும்போது வேறொன்றைத் தேடவேண்டிய அவசியம் என்ன? ஐபோன் வேறு இணைப்பைத் தேடத் தொடங்குவது சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே போன பிறகுதான். தேடினாலும், தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது 8 டெசிபெல் கூடுதலாக இருந்தால்தான் மாறும் என்பது அதன் பொது விதி. ஒரே பெட்டியிலிருந்து வரும் 5 கிகாஹெர்ட்ஸோ இயல்பிலேயே 6, 7 டெசிபெல் குறைவு. வலிமையை மட்டும் வைத்து அளந்தால் அது இந்தப் போட்டியில் ஜெயிக்க வழியே இல்லை. முதலில் வந்த டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர், பின்னாலேயே காலியாக வரும் எக்ஸ்பிரஸுக்காக இறங்குவதில்லை.

மின்வெட்டு இதே கதையின் இன்னொரு வடிவம். யுபிஎஸ் இல்லாத ரவுட்டர் கரண்ட் வந்ததும் எழுந்திருக்கும்போது 2.4 உடனே பேசத் தொடங்கிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல் அமைந்திருந்தால், ரேடார் ஏதும் இல்லை என்று 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பலாம் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள விதி. ஐரோப்பாவில் வானிலை ரேடார்களின் சேனல்களுக்கு இது 10 நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் வீட்டிலுள்ள டிவி, லேப்டாப், போன் எல்லாமே 2.4-ல் இடம்பிடித்துவிடும். நடமாடும் போனாவது வேறொரு சமயத்தில் மாற வாய்ப்புண்டு. சுவரில் மாட்டிய டிவி நாள்கணக்கில் அங்கேயே இருந்துவிடும்.

இரண்டு பெயர் வைப்பவர்கள்

அதனால்தான் முடிவை மனிதரே எடுக்கட்டும் என்கிறது இரண்டாவது நிலைப்பாடு. ஒரு பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று ஒட்டி, இரண்டு பெயர்களில் ஒலிபரப்புவது. (செல்போன் 5ஜிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் இந்தப் பின்னொட்டு கிளப்பிய குழப்பம் இன்னும் ஓயவில்லை.) ஃபைபர் பெட்டியைப் பொருத்த வரும் ஊழியர்கள் பலர் இன்றும் இப்படித்தான் அமைத்துக்கொடுக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு: வாடிக்கையாளரின் போனை 5-ல் சேர்த்து, ஸ்பீடு டெஸ்ட்டைக் காட்டி, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இடம் மாறாத சாதனங்களுக்கு இந்த வழியை மிஞ்சியது இல்லை. டிவியை 5-ல் சேர்த்து 2.4-ன் பாஸ்வேர்டை மறக்கச் செய்துவிட்டால் மின்வெட்டுக்குப் பிறகும் அது 5-க்கே திரும்பும். ஸ்மார்ட் பல்பு, பிளக் வகையறாக்களுக்கும் இதனால் உதவி உண்டு. அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பவை எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266, இஎஸ்பி32 போன்ற சில்லுகள். இவை இரண்டுக்கும் 2.4 மட்டுமே தெரியும். பல்பை இணைக்கும் நேரத்தில் போன் 5-ல் இருந்தால் சில செயலிகள் தடுமாறும். 2.4-க்குத் தனிப் பெயர் இருந்தால் அந்த வேலை சுலபம்.

நடமாடும் சாதனங்களில்தான் இது சறுக்குகிறது. மாடிக்குப் போனதும் 5 தேய்ந்து, வீடியோ நின்று, போன் தயங்கித் தயங்கி 2.4-க்கு வரும். கீழே இறங்கி வந்ததும் 5-க்குத் திரும்பிப் போகாது. இரண்டு பெயர்கள் போனைப் பொறுத்தவரை இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்குகள். ஒரே பெயருக்குள் மாறும்போது கிடைக்கும் சலுகைகள் அங்கே இல்லை. ரவுட்டர் செய்ய வேண்டிய வேலையை வீட்டிலுள்ள எல்லோர் தலையிலும் கட்டுவதுதான் இந்த முறை. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது எத்தனை நாளைக்கு நடக்கும் என்பது கேள்விதான்.

ரவுட்டர் தள்ளிவிடுவது

மூன்றாவது நிலைப்பாடு அலுவலக நெட்வொர்க்குகளிலிருந்து வீட்டுக்கு வந்தது. சிஸ்கோ அதை ‘பேண்ட் செலக்ட்’ என்றது. அரூபா ‘பேண்ட் ஸ்டீரிங்’ என்றது. வீட்டு ரவுட்டர்களில் ஆசுஸ், டிபி-லிங்க் போன்றவை ‘ஸ்மார்ட் கனெக்ட்’ என்கின்றன. பெயர் எதுவானாலும் அடிப்படைத் தந்திரம் ஒன்றே. சாதனம் தேடும்போது 2.4-ல் பதில் சொல்லாமல் இருப்பது அல்லது தாமதிப்பது. 5-ல் உடனே பதில் சொல்வது. அப்படியும் 2.4-ல் சேர வந்தால், இடமில்லை என்று சிலமுறை திருப்பி அனுப்புவது. லினக்ஸ் ரவுட்டர்களின் அடித்தளமான ஹோஸ்ட்ஏபிடி மென்பொருளிலும் இதற்கென அமைப்புகள் உண்டு: ஒரு சாதனத்தை 5-ல் பார்த்திருந்தால் 2.4-ல் அதற்குப் பதில் தராதே என்பது அதன் சாரம்.

இந்த முறையின் பலவீனங்கள் நன்கு பதிவானவை. முதலாவது, தள்ளுவதற்கான வழி தரநிலையில் முறையாக இல்லாத காலத்தில் பிறந்த ஏமாற்று வித்தை இது. பதில் கிடைக்காத சாதனம் 5-க்குப் போகலாம். போகாமல் திரும்பத் திரும்ப 2.4-ன் கதவைத் தட்டலாம். வைஃபையே வேண்டாம் என்று மொபைல் டேட்டாவுக்கும் போய்விடலாம். குரல், வீடியோ போன்ற தாமதம் தாங்காத பயன்பாடுகளுக்கு இந்த வசதி ஏற்றதல்ல என்று சிஸ்கோவே தன் ஆவணங்களில் எச்சரித்தது. இரண்டாவது, 5-ல் பார்த்த சாதனமும் 2.4-ல் பார்க்கும் சாதனமும் ஒன்றுதான் என்பதை ரவுட்டர், சாதனத்தின் அடையாள எண்ணான மேக் (MAC) முகவரியை வைத்தே அறிகிறது. ஐஓஎஸ் 8 வந்த 2014 முதல், தேடும்போது போலி முகவரி காட்டும் வழக்கம் போன்களில் பரவியது. தனியுரிமைக்கு நல்லதாக அமைந்த அந்த மாற்றம், இந்தத் தந்திரத்தின் அடியைச் செல்லரித்துவிட்டது.

மூன்றாவது பலவீனம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் வீட்டுக்கு முக்கியமானது அதுதான். 2003-ல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். வைஃபையில் எல்லாச் சாதனங்களுக்கும் பேசும் வாய்ப்பு சமமாகக் கிடைப்பதால், மெதுவாகப் பேசும் ஒரே ஒரு சாதனம் காற்றிலுள்ள நேரத்தை விழுங்கி, வேகமான மற்றவற்றையும் தன் மட்டத்துக்கு இழுத்துவிடுகிறது. கடைசி அறையில் இருக்கும் லேப்டாப்பை வலுக்கட்டாயமாக 5-ல் நிறுத்தினால் நடப்பதும் இதுவே. அது தானும் மெதுவாகப் பேசும். ஹாலிலிருக்கும் டிவியின் நேரத்தையும் தின்னும். புதிய மென்பொருள்கள் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்து இதை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. ஆனால் எந்த ரவுட்டரில் அது இருக்கிறது என்பது பெட்டியின் மேல் எழுதியிருப்பதில்லை.

தள்ளாமல், சொல்லிப் பார்ப்பது

இந்த வித்தைகளின் கசப்பிலிருந்தே நான்காவது அணுகுமுறை வலுப்பெற்றது. 802.11கே அக்கம்பக்கத்தில் என்னென்ன சேனல்கள் உள்ளன என்ற பட்டியலைச் சாதனத்துக்குத் தருகிறது. 2011-ல் வந்த 802.11வி ‘நீ அங்கே மாறினால் நல்லது’ என்று ரவுட்டர் முறைப்படி கேட்க வழிசெய்கிறது, 802.11ஆர் மாறும் நேரத்தைச் சுருக்குகிறது. வைஃபை கூட்டமைப்பு ‘அஜைல் மல்டிபேண்ட்’ என்ற சான்றிதழையும் இதற்கென உருவாக்கியது. ரவுட்டர்களுக்கான இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டியில் ‘யூஸ்டியர்’, ‘டான்’ ஆகிய மென்பொருள்கள் இதே வழியில் இயங்குகின்றன.

கொள்கை அளவில் இதுவே சிறந்த சமரசம். நிலைமையைச் சாதனம் சொல்கிறது, ரவுட்டர் ஆலோசனை தருகிறது, இறுதி முடிவைச் சாதனம் எடுக்கிறது. நடைமுறையில் எல்லாம் சாதனத்தின் மனதைப் பொறுத்தது. ஆலோசனையை மறுக்கும் உரிமை அதற்கு உண்டு. பழைய சாதனங்களுக்கு அந்த மொழியே புரியாது. ‘மாறாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பேன்’ என்ற எச்சரிக்கையையும் ரவுட்டர் சேர்த்து அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது இது மறுபடி மூன்றாவது முறையாகவே ஆகிவிடுகிறது.

சுவரையும் திறனையும் பார்ப்பவர்கள்

மென்பொருளை விட்டுவிட்டு அலையின் இயல்பைக் கவனி என்பவர்கள் ஒரு தனி வகை. 2.4-ன் ஒலிபரப்புத் திறனை 6, 7 டெசிபெல் குறைத்துவிட்டால் இரண்டு அலைவரிசைகளும் ஏறக்குறைய ஒரே பரப்பில் கேட்கும். போனின் கணக்கே 5-ன் பக்கம் சாய்ந்துவிடும். 802.11பி காலத்து வேகங்களை அணைத்துவிட்டால் வாசல் கேட்டில் ஒட்டிக்கொள்வதும் குறையும். 2.4-ல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டாம், 20 போதும். ரேடார் இல்லாத சேனலை, உதாரணமாக 36-ஐ, நிலையாக வைத்தால் மின்வெட்டுக்குப் பிறகான காத்திருப்பு நீங்கும். இவற்றில் எதுவும் சாதனத்தை ஏமாற்றுவதில்லை; அது எடுக்கும் முடிவு சரியாக அமையும்படி சூழலை மாற்றுகிறது. என் மதிப்பீட்டில் இருப்பவற்றுள் நம்பகமான வழி இதுவே.

குறை என்னவென்றால், 2.4-ஐக் குறைத்தால் மாடியறையும் பின்கட்டும் மொத்தமாக இணைப்பை இழக்கலாம். சேவை நிறுவனம் தரும் பெட்டியில் திறனைக் குறைக்கும் அமைப்பு பல சமயம் கண்ணில் படுவதே இல்லை. அந்தப் பெட்டி மாட்டியிருக்கும் இடமோ ஒயர் உள்ளே நுழைந்த இடம்: நிலைக்கதவுக்கு மேலே, டிவி அலமாரிக்குப் பின்னால், மீட்டர் பலகைக்குப் பக்கத்தில். ஐந்து மீட்டர் கூடுதல் ஒயர் இழுத்து வீட்டின் நடுவில் மாட்டினால் கிடைக்கும் பலன், எந்த ஸ்டீரிங் வசதியும் தராதது. அசையாத டிவிக்கும் மேசைக் கணினிக்கும் லேன் கேபிள் போட்டுவிட்டால் அவற்றுக்கு இந்தக் கேள்வியே எழாது.

கேள்வியையே கலைக்கும் முயற்சி

மூன்றாவது அலைவரிசையாகச் சேர்ந்த 6 கிகாஹெர்ட்ஸ் விஷயத்தில் தரநிலை எழுதியவர்கள் பழைய அனுபவத்திலிருந்து கற்றிருப்பது தெரிகிறது. ‘6-லும் நான் இருக்கிறேன், இந்தச் சேனலில்’ என்ற குறிப்பை ரவுட்டர் 2.4, 5 அறிவிப்புகளுக்குள்ளேயே தந்துவிடுகிறது. சாதனம் ஒவ்வொரு சேனலாகத் தேடி அலையவேண்டாம். 2024 ஜனவரியில் சான்றிதழ் தொடங்கிய வைஃபை 7 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் பல்லிணைப்பு முறையில் ஒரு சாதனம் ஒரே சமயத்தில் இரண்டு அலைவரிசைகளிலும் சேர்ந்திருக்கலாம். எதில் இருப்பது என்ற கேள்வி, இந்தத் தகவலை எதில் அனுப்புவது என்ற நொடிப்பொழுதுக் கேள்வியாகச் சுருங்குகிறது.

இதை முடிவான தீர்வு என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை. இரண்டு முனையிலும் வைஃபை 7 வேண்டும். போன்களில் பல, இரண்டிலும் ஒரேசமயத்தில் பேசாமல், மாறிமாறிப் பேசும் எளிய வடிவத்தையே ஆதரிக்கின்றன. இந்தியாவில் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு உரிம விலக்கு தரும் வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தன. அமெரிக்கா 2020-லேயே 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. தவிர, பத்தாண்டு உழைக்கும் என்று மாட்டிய ஸ்மார்ட் சுவிட்ச் பத்தாண்டும் 2.4-லேயே இருக்கும். இஎஸ்பி32 வரிசையில் இரண்டு அலைவரிசைச் சில்லு 2022-ல்தான் அறிவிக்கப்பட்டது.

தீராதவை

இவற்றையெல்லாம் எடைபோட்டால் ஒற்றைப் பதில் எதுவும் தேறவில்லை. ஆனால் வரிசை ஒன்று தேறுகிறது: அசையாதவற்றுக்குக் கேபிள் அல்லது 5-ன் தனிப் பெயர், நடமாடுபவற்றுக்கு ஒரே பெயரும் அடக்கிவைத்த 2.4-உம், பல்பு வகையறாக்களுக்கு 2.4 மட்டும் உள்ள மூன்றாவது பெயர். ஸ்மார்ட் கனெக்ட் இவற்றுக்குப் பின்னால் வரவேண்டியது. அது இருந்து இணைப்பு அறுந்தறுந்து போனால் அணைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

தீராத கேள்விகளில் பெரியது, ‘வேகம்’ என்று எதை அளப்பது என்பதுதான். திரையில் காட்டும் இணைப்பு எண்ணா, ஸ்பீடு டெஸ்ட்டா, வீடியோ அழைப்பில் ஏற்படும் தாமதமா, வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களுக்கு மிஞ்சும் நேரமா? ஒன்றில் ஜெயிக்கும் ஏற்பாடு இன்னொன்றில் தோற்கக்கூடும். வாட்ஸ்அப் பார்க்கும் போன் 2.4-ல் கிடந்தால் எவருக்கும் இழப்பில்லை. அதை வம்பாக நகர்த்தும் முயற்சி பல சமயம் எண்ணைப் பார்த்துத் திருப்திப்படும் ஆசையன்றி வேறில்லை.

இன்னொன்றை ரவுட்டர் நிறுவனங்கள்தான் தீர்க்கவேண்டும். எந்த அளவு சிக்னலில் தள்ளத் தொடங்குகிறது, எத்தனை முறை மறுக்கிறது, நேற்றிரவு எந்தச் சாதனத்தை எங்கே மாற்றியது என்பதை வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆப்பிள் தன் சாதனங்களின் வரம்பு எண்களை வெளியிட்டிருப்பதுபோல ரவுட்டர் நிறுவனங்களும் தங்கள் எண்களை அமைப்புப் பக்கத்திலேயே காட்டவேண்டும். சேவை நிறுவனங்கள் தாங்கள் தரும் பெட்டிகளில் 2.4-ன் திறனைக் குறைக்கும் வசதியை வாடிக்கையாளருக்குத் திறந்துவிடவேண்டும்.